சுவரைப் பார்த்து நிற்பவர்

சேனாபதி பிழைப்புக்காகக் குழாய்கள் வரைந்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எங்கே ஏறுகிறது, எதன் அடியில் நுழைந்து வெளியே வருகிறது என்று காட்டும் வரைபடங்கள். பிறந்தது தாராபுரம். கோயம்புத்தூரில் டிப்ளமா, பம்பு கம்பெனியில் முதல் வேலை, பிறகு சவுதி, பிறகு ஹூஸ்டன். எல்லா இடத்துக்கும் குழாய்தான் கூட்டிப்போனது.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. படத்தில் ஒன்று இன்னொன்றை மறைக்கக் கூடாது. மறைத்தால் ஆலையைக் கட்டுகிறவன் இல்லாத இடத்தில் குழாயை நுழைப்பான். அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் மேலேயிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்து வரைய வேண்டும். மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பது போல.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வசந்தாமணியின் வீட்டுக்காரர். மகாதேவனோடு ஒரே காரில் வேலைக்குப் போகிறவர். பேச மாட்டார்.

மகாதேவன் பேசுவார். குரோம்பேட்டைக்காரர், சேனாபதியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதே கம்பெனியில் எஸ்டிமேஷன் பிரிவு. ஒரு வாரம் இவர் கார், மறு வாரம் அவர் கார். ஃப்ரீவேயில் ஏறியதும் மகாதேவன் ஆரம்பிப்பார். ஆஃபீஸ் அரசியல், மனைவி யாமினியின் சர்க்கரை, வீட்டுக்கூரை மாற்ற வந்தவன் செய்த அக்கிரமம், முன்னால் போகும் பிக்கப் டிரக்கின் ஓட்டுநர் லட்சணம். ஹூஸ்டன் கட்டடங்கள் தெரியும்போது முடிப்பார். சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். சேனாபதி "ஆமாங்க" என்பார். சில நாட்களில் "அப்படிங்களா" என்பார். இருவரும் இதை உரையாடல் என்றே நினைத்தார்கள். அது உண்மையும்தான். வேறு யாரிடமும் சேனாபதி அந்த அளவுக்குப் பேசியதில்லை.

ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு மகாதேவன்தான் தலைவர். ஒவ்வொரு தேர்தலிலும் அவரே ஜெயித்தார். வேறு யாரும் நிற்கவில்லை.

சான் ஹோசேயில் வேலை பார்க்கும் மகள் கயல், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஓவிய வகுப்பில் பணம் கட்டிவிட்டாள். "டாட், யூ நீட் எ ஹாபி. ப்ளீஸ், நோ ஆர்க்யூமென்ட்." அவர் வாக்குவாதம் செய்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்யூனிட்டி சென்டருக்குப் போனார்.

வகுப்பு எடுத்த பெக்கி எழுபதைத் தாண்டிய பெண்மணி. மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், வகுப்புக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். முதல் சில வாரங்கள் டெக்சஸ் வயல்களில் பூக்கும் நீலப்பூக்களை வரையச் சொன்னார். சேனாபதியின் பூக்கள் வால்வுகள் மாதிரி வந்தன. காம்புகள் சரியான கோணத்தில் வளைந்திருந்தன. பெக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதிலே எதுவும் கசியாது" என்றார்.

ஒரு வாரம் திரையில் பழைய படங்களைப் போட்டார். ஐரோப்பாவில் ஃபிளாண்டர்ஸ் என்ற தேசத்தில் சில நூறு வருடங்களுக்கு முன்னால் வரைந்தவை. எல்லாம் குடியானவர்களின் கொண்டாட்டங்கள். மாதாகோவில் திருவிழா, கல்யாண விருந்து, அறுவடை முடிந்த ஆட்டம். ஒரு படத்தில் ஊரே தெருவில் இருந்தது. பை வைத்த குழலை ஒருவன் கன்னம் உப்ப ஊதுகிறான். கனத்த செருப்புகளோடு ஆண்களும் பெண்களும் கைகோர்த்து ஆடுகிறார்கள். மேஜைக்கடியில் நாய். ஒரு ஜோடி முத்தமிட்டுக்கொள்கிறது, பக்கத்திலேயே இரண்டு பேர் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள், அதற்கும் பக்கத்தில் ஒரு கிழவர் எதையும் கவனிக்காமல் தின்கிறார்.

"இதில் கதாநாயகன் யார்?" என்று பெக்கி கேட்டார்.

ஆளுக்கு ஒருவரைச் சொன்னார்கள். சேனாபதி அந்த வருடம் வகுப்பில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "யாரும் இல்லை. எல்லாமே தெரிகிறது. யாரும் யாரையும் மறைக்கவில்லை."

பெக்கி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். சத்திரத்தின் சுவரைப் பார்த்து ஒருவன் கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான். என்ன செய்கிறான் என்பதில் சந்தேகமில்லை. வகுப்பு சிரித்தது.

"சிரிங்க. ஆனால் இந்த மாதிரிப் படங்களில் எங்கேயாவது ஒரு மூலையில் இவன் அடிக்கடி நிற்பான். இவன் இல்லாவிட்டால் திருவிழா முழுசாகாது. வரைந்தவன் இவனைக் கேலி செய்யவில்லை, கவனியுங்கள். ஆடுகிறவனுக்கு எவ்வளவு நேரம் செலவழித்தானோ அவ்வளவு நேரம் இவனுக்கும் செலவழித்திருக்கிறான்."

சேனாபதி பெக்கியிடம் அந்தப் படங்கள் இருந்த கனமான புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வசந்தாமணி கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். அவள் சங்கத்தின் சாப்பாட்டுக் கமிட்டித் தலைவி.

"இந்தப் புள்ளயப் பாருங்க. அத்தாப்பெரிய பாத்திரத்தைத் தூக்கிட்டு நிக்கிறா, ஒருத்தனாச்சும் கை குடுக்கறானா? நம்ம கமிட்டி மாதிரியேதான்."

"ம்."

"இவங்க ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கறாங்க? பிளேட்டு பத்தலையாட்ட இருக்குது." கீரையை விட்டுவிட்டுக் குனிந்தாள். "ஏனுங்க, இவன் என்ன பண்றான்?"

"அதுதான்."

"அய்யே! இதையெல்லாமா வரைவாங்க?"

"அவன் இல்லீன்னா திருவிழா இல்லையாம். பெக்கி சொன்னாங்க."

"அந்தம்மாவுக்கென்ன, சொல்லும்" என்று வசந்தாமணி கீரைக்குத் திரும்பினாள்.

அந்த ஜனவரியில் சங்கத்தின் பொங்கல் பிக்னிக் ஒரு பூங்காவில் நடந்தது. நண்டும் இறாலும் வேகவைக்கும் பெரிய கேஸ் அடுப்பில் பொங்கல் பானை ஏறியது. காற்று அடுப்பை அணைத்தது. மறுபடி பற்ற வைத்தார்கள். கரும்பு வந்த பெட்டி யார் காரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பக்கமும் மற்ற தமிழ்நாடு ஒரு பக்கமும் இழுத்து, இரண்டு பக்கமும் விழுந்தது. சேனாபதி மர மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுவாகவே அவருடைய இடம் அதுதான். அன்றைக்குப் புதிதாக ஒன்று நடந்தது. பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்று தோன்றியது.

வீட்டுக்கு வரும் வழியில் பெரிய கேன்வாஸ் ஒன்று வாங்கினார். காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில் வரைய ஆரம்பித்தார். சனி ஞாயிறு முழுக்க அங்கேதான்.

படத்தில் பானை பொங்கி வழிகிறது, யாமினி கரண்டியை ஓங்கியபடி அடுப்பைப் பார்த்துக் கத்துகிறாள். கயிறு இழுத்தவர்கள் குவியலாகக் கிடக்கிறார்கள். மடக்கு நாற்காலியில் சங்கத்து சுவாமிநாதன் வாயைத் திறந்து தூங்குகிறார். பட்டுப் புடவை கட்டிய ஒரு ஆண்ட்டி வடைகளை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் தள்ளுகிறாள். ஒரு குழந்தை பலூனுக்காக அழுகிறது, இன்னொன்று அந்தப் பலூனோடு ஓடுகிறது. நாயைப் பிடித்துக்கொண்டு ஓட வந்த வெள்ளைக்காரர் நின்று வேடிக்கை பார்க்கிறார், நாய் பொங்கலைப் பார்க்கிறது. வசந்தாமணி பெரிய அலுமினியத் தட்டோடு நிற்கிறாள், யாரும் கை கொடுக்கவில்லை. நடுவில் யாரும் இல்லை, புல்தான். கீழே இடது மூலையில், பூங்காவின் பம்பு அறைச் சுவரைப் பார்த்து மகாதேவன் நிற்கிறார். கட்டைவிரல் அளவு. பின்பக்கம்தான். ஆனால் வழுக்கையைச் சுற்றி அரைவட்டமாக ஓடும் முடியும், அந்தக் கருஞ்சிவப்பு ஜிப்பாவும் வேறு யாருக்கும் கிடையாது.

அன்றைக்கு அது நடந்தது. கழிப்பறையின் ஒரு பக்கம் பூட்டிக் கிடந்தது, மறுபக்கம் குழந்தைகளின் வரிசை. மகாதேவன் பம்பு அறைக்குப் பின்னால் போனார். மர மேஜையிலிருந்து பார்த்தால் அது தெரியும். அந்த மேஜையில் சேனாபதி மட்டும்தான் இருந்தார்.

அவமானப்படுத்தும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. பெக்கி சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நிற்கும் ஆள் முக்கியமானவர், அவரில்லாமல் படம் முடியாது. அதற்குத் தகுந்த ஆள் என்று தன் நண்பரைத் தவிர வேறு யாரும் அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ஏணி இரவல் வாங்க வந்த மகாதேவன் கராஜில் படத்தைப் பார்த்தார். நாலடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்தார்.

"சேனா! டேய், இது நம்ம பிக்னிக்குய்யா! இது யாரு, நம்ம சுவாமிநாதனா? வாயத் தொறந்துட்டு தூங்கறான் பாரு! ஐயோ, வடை! அந்தம்மா வடைய அமுக்கறத கூட விடலையா நீ?" அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் இருக்காங்கய்யா. ஒருத்தரையும் விடல."

அவர் தன்னையும் பார்த்துவிட்டார் என்று சேனாபதி நினைத்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கிறார் என்று சந்தோஷப்பட்டார்.

"ஏப்ரல்ல நம்ம சில்வர் ஜூபிலி. ஸ்டேஜுக்கு பேக்டிராப் வேணும்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். வருஷா வருஷம் அதே தஞ்சாவூர் கோபுரம். இந்த வாட்டி இதுதான். முழு ஸ்டேஜுக்கும் பிரிண்ட் போட்டுடலாம். நல்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

"பெருசா போட்டா நல்லா இருக்குமுங்களா?"

"பெருசா போட்டாத்தான்யா எல்லாம் தெரியும்!"

போன் அடித்தது. மகாதேவன் பேசிக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். சேனாபதி கயலிடம் கேட்டு, வெளிச்சம் பார்த்து, துல்லியமாகப் படமெடுத்து அனுப்பினார். அச்சுக்கடைக்காரர்கள் மாதிரிப் பிரதி அனுப்பியபோது மகாதேவன் அதைத் திறக்காமலே சரி என்று பதில் போட்டார். அன்றைக்கு அவருக்கு ஹால் புக்கிங்கில் ஒரு பிரச்சினை இருந்தது.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கில். வசந்தாமணியும் சேனாபதியும் கேசரித் தட்டுகளோடு சீக்கிரமே வந்தார்கள். மேடையில் பேனர் ஏறியிருந்தது. வசந்தாமணி பாதி வழியில் நின்றாள்.

"ஏனுங்க. அது யாருங்க?"

கட்டைவிரல் இப்போது ஆளைவிட உயரமாக நின்றது. சரியாக மைக்குக்குப் பின்னால். ஜிப்பாவின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. சுவரில் நனைந்த இடத்தைச் சேனாபதி ஈரம் தெரியும்படி வரைந்திருந்தார்.

"மகாதேவன்" என்றார்.

"அது தெரியுது. என்ன பண்றாரு?"

சேனாபதி கேசரித் தட்டை மாற்றிப் பிடித்தார்.

"அய்யோ சாமி. அண்ணன் பாத்தாரா இதை?"

"பாத்தாரே. சிரிச்சாரு."

"இதைப் பாத்தா சிரிச்சாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதைப் பாத்தா?"

அவர் யோசித்தார். ஏணி, போன், வடை, சுவாமிநாதன். கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

மகாதேவன் சிறப்பு விருந்தினரை அழைத்துவர ஏர்போர்ட் போயிருந்தார். பேனரை இறக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. நுழைவாயிலில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாழை மரம் ஒன்றைப் புருஷனும் பெண்டாட்டியும் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே மறைந்தது. வசந்தாமணி அரங்கின் பின்வரிசை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். வேகமாகத் திரும்பி வந்தாள்.

"எடுத்துருங்க. வாழை மரத்துக்கு ஊத்தற மாதிரி இருக்குது."

எடுத்தார்கள். மைக்கைத் தள்ளி வைக்கலாம் என்றால் அதன் வயரைத் தரையில் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் கூட்டம் வர ஆரம்பித்தது. சேனாபதி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மகாதேவன் தாமதமாக வந்தார். விருந்தினரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்து அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பக்கவாட்டுப் படியில் ஏறி, பேனரைத் திரும்பிப் பார்க்காமல் நேராக மைக்குக்கு வந்தார். விழாவுக்கென்று எடுத்துவைத்திருந்த அதே கருஞ்சிவப்பு ஜிப்பா.

அவர் வருடாவருடம் வரவேற்புரையில் ஜோக் சொல்வார். வருடாவருடம் யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்றைக்கு "அனைவருக்கும் வணக்கம்" என்றதுமே யாரோ சிரித்தார்கள். மகாதேவன் தயங்கிவிட்டு முதல் ஜோக்கைச் சொன்னார். அரங்கம் குலுங்கியது. அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவதைச் சொன்னார். சுவாமிநாதன் நாற்காலியிலிருந்து சரிந்தார். முன்வரிசையில் யாமினி கையால் முகத்தை மூடிக்கொண்டு விரலால் பின்னால் பின்னால் என்று காட்டினாள். அவர் அவளுக்கும் ஒரு புன்னகை அனுப்பினார். அத்தனை வருடத் தலைவர் வாழ்க்கையில் அப்படியொரு நாள் அவருக்கு அமைந்ததில்லை.

"எனக்குப் பின்னாடி இருக்கே, இந்தப் படம்" என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பினார்.

ஜிப்பாவும் ஜிப்பாவும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. அரங்கத்துக்கு இப்போது இரண்டு வழுக்கைகள் தெரிந்தன. சிரிப்பு ஒரு உச்சத்துக்குப் போய், பிறகு அவர் திரும்பாமலே நின்றதால் மெல்ல அடங்கியது.

மகாதேவன் மைக்கின் பக்கம் திரும்பினார். "நம்ம சங்க உறுப்பினர் திரு. சேனாபதி அவர்கள் வரைஞ்சது" என்றார். "அவருக்கு நம்ம கைதட்டலைத் தெரிவிச்சுக்குவோம்." மிச்ச உரையை ஜோக் இல்லாமல் முடித்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் எல்லா வாட்ஸாப் குழுக்களிலும் அந்தப் படம் இருந்தது. கயல் கூப்பிட்டு, "டாட், சான்டா கிளாரால என் ஃப்ரெண்டோட மதர்-இன்-லா வரைக்கும் பாத்துட்டாங்க. இட்ஸ் ஹிலேரியஸ்!" என்றாள். சுவாமிநாதன் தான் தூங்கும் பகுதியை மட்டும் வெட்டித் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். வடை ஆண்ட்டி, அது தான் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். படத்தில் இல்லாத சிலர், தாங்களும் பிக்னிக்குக்கு வந்திருந்ததை வசந்தாமணிக்கு நினைவுபடுத்தினார்கள்.

திங்கட்கிழமை மகாதேவனின் கார் வாரம். சேனாபதி சாப்பாட்டுப் பையோடு வீட்டு வாசலில் நின்றார். கார் வரவில்லை. "நான் சீக்கிரம் போறேன்" என்று செய்தி வந்தது. எவ்வளவு சீக்கிரம், இன்றைக்கு மட்டுமா என்று அதில் இல்லை.

அவர் தன் காரில் போனார். ஃப்ரீவே சத்தமில்லாமல் இருந்தது. லாரிகளும் கார்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் சத்தமில்லை. ரேடியோவைப் போட்டார். அதில் ஒருவர் பேசினார். அவர் இவரிடம் பேசவில்லை. ஒரு பிக்கப் டிரக் சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க, அடுத்த வாரமும். ஆஃபீஸ் கேன்டீனில் மகாதேவன் வேறு மேஜையில் வேறு ஆட்களிடம் கூரை மாற்றியவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நடுநடுவே பேசினார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்று சேனாபதிக்குத் தோன்றியது.

"நேராப் போயி சாரி சொல்லிட்டு வாங்க" என்றாள் வசந்தாமணி.

"என்னன்னு சொல்றது?"

"தப்பா வரைஞ்சுட்டேன்னு சொல்லுங்க."

"தப்பா வரையலியே."

"அப்பத் தனியாவே ஓட்டிட்டுப் போங்க. பெட்ரோலுக்குப் புடிச்ச கேடு."

கோவிலில் யாமினியைப் பார்த்தபோது வசந்தாமணி ஜாடையாக விசாரித்தாள். யாமினி சொன்னாள், "அவருக்கு அந்தப் படம்கூடப் பெருசில்ல வசந்தா. தன்னோட ஜோக்குக்குத்தான் சிரிக்கறாங்கன்னு நெனச்சாரில்ல, அதான். அதை மட்டும் யாரும் பேசிடாதீங்க."

ஒரு சாயங்காலம் மகாதேவனின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"சேனா, அந்தப் படத்துல இருந்து என்னை எடுத்துடு."

"சரிங்க."

"எடுத்துட்டு ஃபோட்டோ அனுப்பு. நான் குரூப்ல போடணும்."

"சரிங்க."

சேனாபதி அன்றைக்கே உட்கார்ந்தார். பம்பு அறைச் சுவருக்கு முன்னால் ஒரு ஓக் மரம் வரைந்தார். நல்ல மரம், அடர்ந்த இலைகள். அவருடைய கையிலிருந்து வந்த படத்தில் முதல்முறையாக ஒன்று இன்னொன்றை மறைத்தது. காய்ந்ததும் படமெடுத்து அனுப்பினார். பதில் இல்லை.

சனிக்கிழமை மதியம் மகாதேவனே வந்தார். இந்த முறை காரை அணைத்துவிட்டு இறங்கினார். கராஜுக்குள் நுழைந்து மூக்கு கேன்வாஸில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். யாமினியைப் பார்த்தார். தூங்குகிற சுவாமிநாதனைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"நான் எங்க?"

"எடுக்கச் சொன்னீங்களே."

"அந்த இடத்துல இருந்து எடுக்கச் சொன்னேன்யா. படத்துல இருந்தே எடுக்கச் சொன்னேனா?"

"படத்துல இருந்துதானுங்க சொன்னீங்க."

"ஊர்ல இல்லாத வெள்ளக்காரன் நாயெல்லாம் இருக்கு. சங்கத்துக்குத் தலைவன், நான் இல்ல!" மகாதேவன் விரலால் காட்டினார். "இங்க போடு. பானை பக்கத்துல, யாமினிகூட."

"பொங்கறப்ப நீங்க அங்க இல்லீங்க. ஐஸ் வாங்கப் போயிட்டீங்க."

"சரி, கயிறு இழுக்கற இடத்துல."

"அப்பப் பார்க்கிங்ல இருந்தீங்க. யாரோட காரோ புல்லுல ஏறிடுச்சுன்னு."

"சாப்பாட்டு லைன்ல போடேன்யா. அங்கயாவது இருந்திருப்பேன்ல?"

"நீங்க அன்னிக்குச் சாப்பிடவே இல்லீங்க. கடைசியில வசந்தா பாத்தா, பாத்திரமெல்லாம் காலி. உங்களுக்கு எடுத்து வைக்கலீன்னு வீட்டுக்கு வந்தும் சொல்லிட்டிருந்தா."

மகாதேவன் விரலை இறக்கினார். கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்தார். படம் இப்போது அவர் கண் உயரத்தில் இருந்தது.

"அப்ப அன்னிக்குப் பூரா நான் எங்கதான்யா இருந்தேன்?"

"ஓடிட்டே இருந்தீங்க. காலையில வந்ததுல இருந்து ஓட்டம்தான். நானும் வரையலாம்னு தேடித்தேடிப் பாத்தேன். ஒரு இடத்துலயும் நிக்கல." சேனாபதி துணியில் தூரிகையைத் துடைத்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது இதற்கு முன் நடந்ததில்லை. "அந்தச் சுவத்துக்கிட்டதான் நின்னீங்க. நிம்மதியா நின்னீங்க. அதைத்தான் போட்டேன்."

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகாதேவன் ஓக் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மட்டும்தான் பாத்தியா?"

"ஆமாங்க."

"இப்ப சான்டா கிளாரா வரைக்கும் பாத்துட்டான்."

"ஆமாங்க."

"மூணாவது ஜோக்கு ஒண்ணு வச்சிருந்தேன். நல்லாவே இருக்கும். சொல்லவே விடல அந்தப் படம்."

"சொல்லுங்களே."

மகாதேவன் சொன்னார். ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட ஊறுகாய் பாட்டிலைப் பற்றியது. சேனாபதி கவனமாகக் கேட்டார். "அப்படிங்களா" என்றார். மகாதேவனுக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய ஜோக்குக்குத் தானே சிரித்தார், வாளி ஆடியது.

"அந்த மரத்தை எடு" என்றார்.

"மறுபடி அங்கயே போடறதுங்களா?"

"வேற இடம் எங்க இருக்கு? அதான் ஃபுல்லா அடைச்சு வச்சிருக்கியே." எழுந்து ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு. என்னைக் கூனன் மாதிரி போட்டிருந்த. ஸ்டேஜ்ல அவ்ளோ பெருசாப் பாத்தப்ப எனக்கே அசிங்கமா இருந்துச்சு. நான் அப்படியா நிக்கறேன்?"

"முதுகு ஞாபகத்துல இருந்து போட்டதுங்க. நின்னு காட்டினீங்கன்னா சரியாப் போட்டுருவேன்."

மகாதேவன் கராஜைச் சுற்றிப் பார்த்தார். வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெறும் சுவர் இருந்தது. அங்கே போய், சுவரைப் பார்த்துக் கால்களை அகட்டி, தோளை நிமிர்த்தி, தலையைச் சற்றே குனிந்து நின்றார். சேனாபதி பென்சிலை எடுத்தார்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் அக்கட்ட திரும்புங்க. ஆங். அப்படியே இருங்க."

சமையலறைக் கதவு திறந்தது. வசந்தாமணி இரண்டு காபியோடு படியில் நின்றாள். முதலில் மகாதேவனின் முதுகைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், பிறகு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காபியைப் பார்த்தாள்.

"அண்ணா" என்றாள் தாழ்ந்த குரலில், "பாத்ரூம் உள்ள இருக்குதுங்ணா."

"அசையக் கூடாதாம்மா" என்றார் மகாதேவன் திரும்பாமல். "காபிய அங்க வச்சுட்டுப் போ."